சாயத்தொட்டிக்குள் ஆக்சிஜன்

மூச்சு விடுவதற்காக இவ்வளவு பாடுபட்ட மனிதனைக் காஞ்சிபுரம் இதற்கு முன்பும் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை. எங்கள் தெரு நெசவாளி ஆக்சிஜனைத்தான் சொல்கிறேன். அவனுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

புதுச்சேரிக்குச் சுற்றுலா போனவன், கடலுக்கடியில் முங்கி மீன் பார்த்துவிட்டு வந்தான். பிடித்தது பைத்தியம். முறையாகப் பயிற்சி எடுத்து, பழைய சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்கித் தறிக்குப் பக்கத்தில் வைத்தான். தெருவில் யாருக்கு இளைப்பு வந்தாலும், "கொஞ்சம் ஆக்சிஜன் குடுபா" என்று வந்து நின்றார்கள். "ஐயோ, இது வெறும் காத்துபா!" என்று தலையில் அடித்துக்கொள்வான். அதற்குள் பெயர் ஒட்டிவிட்டது.

அந்த ரெகுலேட்டர் இருக்கிறதே, சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும் வாய்க்குக் காற்று தரும் கருவி. அவ்வப்போது சர்வீஸ் செய்தாக வேண்டும். சென்னையில் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கணும். "நானே பிரிச்சு மாட்டுறேன்" என்று அதற்கும் ஒரு வகுப்புக்குப் போய்வந்தான்.

அவன் மனைவி தனம் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஒரே வாட்டிதான். சரியா மாட்டலைன்னா மொத்தத்தையும் காயலான்கடைல போட்டுடுவேன். கடலும் வேணாம், மீனும் வேணாம். தண்ணிக்குள்ள உனுக்கு மூச்சு நின்னுபோனா நான் இன்னா பண்றது?"

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளை வேட்டியை விரித்தான். திருகு, ஸ்பிரிங், ரப்பர் வளையம் எல்லாம் கழற்றிய வரிசையில் உட்கார்ந்தன. ஃபேனுக்குத் தடை. தும்மல் வருவது போல மூக்கைச் சுருக்கியதற்கே என்னை வாசலுக்கு விரட்டினான். தேய்ந்த வளையங்களை மாற்றி, மாட்டி, சிலிண்டரில் பொருத்தி, வாயில் வைத்து இழுத்தான். கன்னம் ஒட்டிப்போய்க் கண் பிதுங்கியதுதான் மிச்சம். காற்று வரவில்லை.

"காயலான்கடை ரெண்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும்" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவன் தன் கையையே பார்த்தான். "தறியில பாவு நூலை இழுத்துக் கட்டுற கைண்ணா. தொய்வு பட்டா முறுக்கிடுது. ஸ்குரூவை ஓவரா முறுக்கி வச்சிக்கினு இருக்கேன்."

தளர்த்தினான். காற்று சீறியது. மெல்லத் திருப்பினான். சீறல் நின்றது.

"கையை எடுய்யா! அதுக்கு மேல திருப்பாத!" என்று அலறியது தனம். காயலான்கடையில் போடக் கோணிப்பையோடு வந்தவள், காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! அழுத்தம் காட்டும் முள்ளும் வகுப்பில் சொன்ன இடத்தில் நின்றது. இழுத்தான். சுகமாக வந்தது காற்று.

தண்ணீரில் பார்க்க வேண்டுமே! தாமல் ஏரி வரை போகப் பொறுமை ஏது? மச்சானின் சாயப்பட்டறையில், சாயம் ஏற்றிய பட்டு அலசும் தொட்டிக்குள் இறங்கி முங்கி உட்கார்ந்தான். தெருவே சுற்றி நின்றது. குமிழி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. தனம் இமைக்கவில்லை. கால் மணி கழித்துத் தொட்டியைத் தட்டினாள். "எய்ந்து வாய்யா, ஜெயிச்சிட்ட!"

எழுந்தான். தலை முதல் இடுப்பு வரை முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு! இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். விசில் பறந்தது. முதல் விசில் என்னுடையது.

இப்போது மாதம் ஒரு முறை அவனுக்குப் புதுச்சேரி. திரும்பி வந்து, "அண்ணா, நண்டு பாத்தேண்ணா!" என்று வாசலில் அவன் கத்தும்வரை, இங்கே எனக்குத்தான் மூச்சு சரியாக வருவதில்லை.