அங்காயியின் மடிக்கட்டியும் ராணியம்மாவின் நலமும்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்று தொடங்கினால் கொட்டாவிதான் வரும். ஆகவே இப்படித் தொடங்குவோம்: ஒரு காட்டில், டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டிய ஒரு பரிசோதனைக்கூடம் இருந்தது. அந்த வரிசையில் அங்காயி என்ற காட்டெருமை நின்றுகொண்டிருந்தாள். அவள் மடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அவள் கன்றுக்குட்டி இன்னும் புல் கடிக்கப் பழகவில்லை. கட்டி கெட்டதாக இருந்தால் மடியை எடுத்துவிடுவார்கள், கன்று பாலுக்கு எங்கே போகும்? இதை நினைத்து நினைத்து அவளுக்கு அசை போடவே மறந்துவிட்டது.

கூடத்தின் தலைவர் டாக்டர் ஏகாம்பரம், சுண்டெலி. ஆள் சுண்டுவிரல் அளவு, பெருமை மலையளவு. காரணம் இருந்தது.

"மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று அங்காயியைக் கேட்டார்.

"எங்க பக்கம் அதெல்லாம் முளைக்கிறதில்லைங்க டாக்டரய்யா."

"முளைப்பதல்ல! எங்கள் எலி வம்சத்தின் கொடை. ஒரே ஒரு தாய் உயிரணு. அதன் வாரிசுகள் செய்து தருகிற மருந்து. அதில் உள்ள ஒவ்வொரு துளியும் ஒரே அச்சில் வார்த்தது. ஜாதகம் பார்க்கிற மாப்பிள்ளை மாதிரி, ஊரில் எத்தனை பெண் இருந்தாலும் தனக்குப் பொருந்துகிற ஒரு பெண்ணைத்தான் பிடிக்கும். இது புற்று அணுவைத்தான் பிடிக்கும். நல்ல அணுவை ஏறெடுத்தும் பார்க்காது. அதன் வாலில் மின்மினிச் சாயம் கட்டியிருக்கிறேன். ஒட்டினால் பச்சையாக மின்னும். மின்னினால் புற்று, மின்னாவிட்டால் பால் தேங்கியதால் வந்த வெறும் பால்கட்டி."

அங்காயிக்குப் பாதி புரிந்தது.

"ஆனால்," என்றார் ஏகாம்பரம், "இது புதிதாகக் காய்ச்சிய மருந்து. முதலில் நலமாக இருக்கிற ஒருத்தியின் அணுவில் போட்டு, ஒட்டவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் முறை."

இங்கேதான் சிக்கல். அந்தக் காட்டில் ஒரு வழக்கம். செத்தாலும் யாரும் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். கொழுகொழு முயலைக் கேட்டாலும், "ஏதோ வண்டி ஓடுது" என்பதுதான் பதில். ஏகாம்பரம் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஒரே தாவலில் ஓடையைத் தாண்டி வந்த மான், "முட்டியெல்லாம் ஒரே வலி" என்றது. காட்டுப்பன்றி, "வரிசையாப் பெத்துப்போட்ட உடம்புய்யா இது, இதுல என்ன சுகம்?" என்று மூக்கைச் சிந்தியது. குரங்கு, கேட்பதற்கு முன்பே இருமிக் காட்டியது.

கடைசியில் ராணியம்மா மரகதவல்லி, சிங்கத்தின் பட்டத்து மனைவி, வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்தாள். கூடத்தைச் சும்மா பார்வையிட வந்தவள்.

"நலத்துக்கு இலக்கணமே நான்தான். எடுத்துக்கொள்ளும்," என்றாள்.

ஊசியால் இரண்டு பேர் மடியிலிருந்தும் துளித் துளியாக அணு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மருந்தைச் சொட்டு விட்டார் ஏகாம்பரம். ராணியம்மாவின் தகடு கார்த்திகை தீபம் போல மின்னியது. அங்காயியின் தகடு அமாவாசை மாதிரி கிடந்தது.

ஏகாம்பரம் மீசையை நீவினார். "ராணியம்மா நலம். அவர் தகடு மின்னுகிறது. ஆகவே மின்னுவதுதான் நலம். மருந்து தலைகீழாக ஒட்டுகிறது, பாதகமில்லை. அங்காயி, உன் தகடு மின்னவில்லை. உனக்குப் புற்று. நாளைக்கு மடியை எடுத்துவிடலாம்."

ராணியம்மா திருப்தியாக வாலை வீசிக்கொண்டு போய்விட்டாள். அங்காயி அழுதாள். எருமை அழுதால் சத்தம் கொஞ்சம் அதிகம். கூரை ஓடு இரண்டு விழுந்தது.

அந்தச் சத்தத்தில் வரிசையின் கடைசியில் நின்ற பெரியநாயகி என்ற யானை உள்ளே தலையை நீட்டினாள். உடம்பு வாசலில் நுழையாது. போன வருஷம் மார்பகப் புற்றுநோய் என்று அறுவை செய்து பிழைத்து, மறு சோதனைக்கு வந்தவள்.

"ஏண்டி அங்காயி, ஊரையே கூட்டுற?"

அங்காயி எல்லாவற்றையும் சொல்லி, "யக்கா, ராணியம்மா நல்லா இருக்கான்னு யாரு சொன்னா? அவளே தானே சொல்லிக்கிட்டா?" என்று விம்மினாள்.

"அதானே! யோவ் டாக்டரு, என்கிட்டருந்து எடுத்த கட்டி உம்ம ஜாடியிலதானே கெடக்கு? அது புத்துன்னு ஊருக்கே தெரியும். நானே எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன்! அதுல ஒரு சொட்டு விட்டுப் பாரும்."

நோவைச் சொல்வதற்கு அந்தக் காட்டில் யாருக்கும் கூச்சமில்லை. ஏகாம்பரம் முணுமுணுத்தபடி ஜாடியைத் திறந்து, ஒரு சீவல் எடுத்து, சொட்டு விட்டார்.

பச்சைப் பசேலென்று மின்னியது.

அங்காயி துள்ளிய துள்ளலில் மிச்ச ஓடும் விழுந்தது. அவளுடையது வெறும் பால்கட்டி! மருந்து சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. ஆனால் ஏகாம்பரம் அவசரமாக ஜாடியை மூடினார்.

"அப்படியானால் ராணியம்மாவுக்குத்தான்... ஐயோ! அவரே நலம் என்று சொன்ன பிறகு, இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? சோதனையே நடக்கவில்லை என்று விட்டுவிடுவோம்."

அங்காயி வீட்டுக்குப் போயிருக்கலாம். ராணியம்மா போன கோடையில்தான் அங்காயியின் நாத்தனாரை அடித்துத் தின்றவள். ஆனால் அந்த நாத்தனாருக்காக அங்காயி அப்படியொன்றும் உருகிவிடவில்லை. ராணியம்மாவுக்கும் பால் குடிக்கிற குட்டிகள் இருந்தன. தன் கன்றை நினைத்தவளுக்கு அந்தக் குட்டிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நேரே குகைக்குப் போனாள்.

"ராணியம்மா, கூடத்துல வச்சு 'நலத்துக்கு இலக்கணம்'னு வாய்விட்டுச் சொல்லிட்டீங்களே, அத்தனை பேரு காதுலயும் விழுந்துருச்சே. கண்ணு பட்டுருச்சு. பட்ட கண்ணு மடியில கட்டியா உக்காந்துருக்கு. டாக்டரய்யா கண்ணாடியில பளிச்சுன்னு தெரியுது."

புற்று என்று சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள். கண் என்றதும் ராணியம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அப்போதே நினைத்தேன்! அந்தப் பன்றியின் பார்வையே சரியில்லை."

உடனே ஏற்பாடு நடந்தது. பரிசோதனைக்கூட வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். நடுவில், அறுவை மருத்துவரான மரங்கொத்தி வந்து, உள்ளே கட்டியாக உட்கார்ந்திருந்த 'கண்ணை'ச் சுத்தமாக எடுத்துத் தையல் போட்டது. கட்டி மிளகைவிடப் பெரிதில்லை. ஆரம்பத்திலேயே பிடித்ததால் வேறெங்கும் பரவவில்லை. காடு முழுவதும் பூசணிக்காயைப் புகழ்ந்தது. ஏகாம்பரம் மூன்று வேளை சாப்பிடாமல் கோபித்துக்கொண்டார், யாரும் கவனிக்கவில்லை.

தையல் ஆறியதும் ராணியம்மா அங்காயியைத் தேடி மேய்ச்சல் வெளிக்கே வந்தாள். கன்று மடியில் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

"அங்காயி, எனக்கு உயிர் கொடுத்தவள் நீ. இந்த நன்றியை எந்தப் பிறவியிலும் மறக்க மாட்டேன்."

"அய்யோ, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்குங்க ராணியம்மா! உடம்பு தேவலையா?"

"பூரண குணம். இன்று காலையிலிருந்து பசிகூடத் திரும்பிவிட்டது," என்றாள் ராணியம்மா, கன்றின் பின்னங்காலைப் பார்த்தபடி. "மற்றவர்களாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். உன்மேல் உள்ள மரியாதைக்காகச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணப் போகிறேன்."

அங்காயி கன்றை முட்டித் தள்ளிக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடினாள். பால் கட்டிய மடி இரண்டு பக்கமும் இடித்து வலித்தது. ஆனால் அது நல்ல மடி, சோதித்துப் பார்த்த மடி என்று ஓட்டத்திலும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழு என்ற குரல் கேட்டபோது ஆற்றில் இறங்கிவிட்டாள்.

நீதி: ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் புற்றுநோயும் பூரணமாகக் குணமாகும், ஆகையால் சிங்கத்திடம் சொல்லப் போவதற்கு முன் ஆறு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.