ப்ளோயர் அண்ணாத்த

செங்கல்பட்டு வட்டாரத்தில் அவரிடம் திட்டு வாங்காத ஆள் யாராவது இருந்தால், அவர் கழிவறைக்கே போகாதவராகத்தான் இருக்க வேண்டும்.

மாமல்லபுரம் போகிற சாலையோரம் ஒரு நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அங்கே எனக்கு ஆபீஸ் வேலை. அவர் ஒப்பந்த ஆபரேட்டர். சாக்கடையைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கிற நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் இயந்திரத்தின் பெயர் ப்ளோயர். அது போடுகிற இரைச்சலில் லாரி ஹாரன்கூடக் கேட்காது. இவர் குரல் கேட்கும். அதனால் இவரும் ப்ளோயர்.

அந்த நுண்ணுயிர்களை அவர் 'பசங்க' என்பார். காலையில் வந்ததும் தொட்டியை எட்டிப் பார்த்து, "இன்னாடா, நாஸ்தா ஆச்சா?" என்று விசாரிப்பார்.

ஒருநாள் பசங்க கூண்டோடு செத்துப்போனார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் தரை கழுவ ஆசிட்டை வாளி வாளியாகக் கொட்டியிருந்தார்கள். ப்ளோயர் ஒரு பக்கெட் கறுப்புச் சேற்றோடு நேரே பந்தியில் போய் நின்றார்.

"என் பசங்கள சாவடிச்சிட்டு இங்க பாயசமா துன்னுகினு கீறீங்க?"

மாப்பிள்ளைதான் கொலைகாரன் என்று நினைத்துப் பெண்ணின் அத்தை மயங்கி விழுந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. எனக்கு இன்றும் வயிறு எரிவது அதற்கப்புறம் நடந்ததை நினைத்துத்தான்.

நிலையத்தை நடத்திய ஒப்பந்தக்காரர், கரண்டை மிச்சம் பிடிக்க ப்ளோயர் இயந்திரத்தை நிறுத்திவைக்க ஆரம்பித்தார். மூச்சுமுட்டிய பசங்க வேலை செய்யவில்லை. கறுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கால்வாய் வழியாக உப்பங்கழிக்குப் போனது. அங்கேதான் மீனவக் குப்பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்கள் கையெல்லாம் புண். இறாலும் அருகிப்போனது. ப்ளோயர் கத்திக்கொண்டே இருந்தார். ஒப்பந்தக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். அன்று மட்டும் வாசலில் ஒரு கண்ணாடித் தொட்டி முளைத்தது. உள்ளே கலர் மீன்கள். 'எங்கள் சுத்திகரித்த நீரில்' என்று போர்டு. ஊற்றியிருந்தது கேன் தண்ணீர். மோசடி செய்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது சாமர்த்தியம் வேண்டாமா? காலி கேனைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே விட்டிருந்தார்கள்! அதிகாரி அதையும் சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ப்ளோயர் அதே பழைய பக்கெட்டோடு வந்தார்.

"சார், அது கேன் தண்ணி. நாம வுடறது இது." முழங்கை வரை கையை உள்ளே விட்டார். நாற்றம் குப்பென்று கிளம்பியது. ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். "வா அண்ணாத்த. நீயும் கைய வுடு."

ஒப்பந்தக்காரர் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"ஒரு நிமிஷம் கைய வுட மாட்டேங்கற. அந்தப் பொம்பளைங்க நாள் பூரா இதுலதான ஒக்காந்துகினு கீறாங்க!"

இனி இயந்திரத்தை நிறுத்தவே கூடாது என்று அதிகாரி மூக்கைப் பொத்தியபடியே உத்தரவு போட்டார். அன்றைக்கே இயந்திரம் ஓடியது. மறுநாள் நம் ஆளுக்கு வேலை போனது. ஒப்பந்தக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்கே ஆகியிருக்கிறது?

உப்பங்கழியில் இப்போது மறுபடியும் இறால் கிடைக்கிறது. நிறுத்த யாருக்கும் தைரியம் வராததால் இயந்திரமும் ஓயாமல் இரைகிறது. காலையில் யாரும் பார்க்காதபோது நான் தொட்டியை எட்டிப் பார்த்து, "இன்னாடா, நாஸ்தா ஆச்சா?" என்று கேட்கிறேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்பதில்லை.