அஸ்ரூனா ராணி அரியணை இழந்த விதம்

உலகத்தில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் எழுதப்பட்ட ஒரே வரலாறு ஓர்ன்வால் பேரரசின் வரலாறுதான். ஓர்ன்வால் என்று ஒரு நாடே கிடையாது என்பதை யாரும் குறையாகச் சொல்லக் கூடாது. வடக்கு ஸ்வீடனில் எங்கள் ஊர் நூலகத்தின் நிலவறையில் சனிக்கிழமைதோறும் பகல் ஒரு மணிக்குக் கூடும் எங்கள் படிப்பு வட்டம், ஒன்பதே ஆண்டுகளில் அந்த நாட்டுக்குத் தொள்ளாயிரம் ஆண்டு வரலாற்றை உண்டாக்கிவிட்டது. அத்தனையும் 'ஏகமனதாக'. நான் சிக்ஸ்டன், வட்டத்தின் செயலாளன். கூட்டக் குறிப்பேடு என் கையில் இருக்கிறது. ஆகவே நான் சொல்வதெல்லாம் உண்மை.

எங்கள் முறை எளிது. தலைவர் டோர்கெல் தீர்மானத்தை வாசித்துவிட்டு, "கூட்டத்துக்குச் சம்மதமா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று பொருள். மரச்சுத்தியலால் மேசையில் ஒரு தட்டு. அப்புறம் தெய்வமே வந்தாலும் மாற்ற முடியாது.

தெய்வங்களையும் நாங்கள்தான் ஒழுங்குபடுத்தினோம். ஓர்ன்வாலில் மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. சண்டை வரக் கூடாதென்று, எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில் தொங்குவது போன்ற முறைப் பட்டியல் ஒன்றைக் கோவிலில் தொங்கவிட்டோம். அப்படியும் நானூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் பெரும்போர் மூண்டுவிட்டது. மழைத் தெய்வம் தன் முறை முடிந்தும் இடத்தைக் காலி செய்யவில்லை. வெகுண்டெழுந்த காற்றுத் தெய்வம் கோவில் கதவில் ஒரு கடுமையான சீட்டு ஒட்டியது. போரின் உச்சக்கட்டம் அதுதான். நெருப்புக் கக்கும் டிராகன் ஒன்றும் உண்டு. உறுப்பினர் இங்வே கொண்டுவந்தது. நான்கு ஆண்டுகளாகத் தீத்தடுப்பு உபகுழுவின் பரிசீலனையில் இருக்கிறது.

இந்த நாட்டை முதலில் கற்பனை செய்த பெண்மணி குன்வோர். மீன் பதனிடும் ஆலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து பதினோரு வருடம், பதினான்கு நோட்டு எழுதினார். ஊர்கள், தாலாட்டுகள், பஞ்சத்தில் ரொட்டி சுடும் பக்குவம், நடுநாயகமாக அஸ்ரூனா ராணி. நோட்டுகளை எங்களிடம் கொடுத்தபோது 'கச்சாப் பொருள்' என்று பதிவு செய்துகொண்டோம். அவரைச் சும்மா விட்டுவிடவில்லை. 'நிரந்தரக் காப்பிப் பொறுப்பாளர்' பதவி கொடுத்தோம். ஏலக்காய் ரொட்டி அவரைப் போல வேறு யாருக்கும் கைவராது.

சரியாக இரண்டு மணிக்கு அவர் பின்கட்டுச் சமையலறைக்குப் போவார். முக்கியமான தீர்மானங்களும் சரியாக இரண்டு மணிக்குத்தான் வரும். தற்செயல்தான். ஒன்பது ஆண்டுகளாகத் தற்செயல். ஒரு காப்பி நேரத்தில் ராணியின் படை போயிற்று. இன்னொரு காப்பியில் கோட்டை போயிற்று. இந்த வரலாற்றைப் புத்தகமாக அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தைய கூட்டத்தில் அரியணை மட்டும் மிச்சம் இருந்தது. பேரரசை நிறுவியவர் டோர்கார் என்ற தாடிவைத்த மாமன்னர் என்பது எங்கள் தலைவரின் ஆராய்ச்சி முடிவு. டோர்கெலுக்கும் தாடி உண்டு. நாங்கள் நாகரிகமானவர்கள், யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அன்று குன்வோர் என் நாற்காலி பக்கத்தில் நின்றார்.

"சிக்ஸ்டன், அஸ்ரூனா இருக்கால்ல?"

"இருக்கா, இருக்கா."

"எந்தப் பக்கத்துல?"

"இன்னும் பக்க எண் போடலை."

"அவ இல்லேன்னா நான் அந்த பஸ்ல ஏறியே இருக்க மாட்டேன்ப்பா. புஸ்தகத்துல என் பேரு வேண்டாம். அவ இருந்தா போதும். நீ பாத்துக்குவியா?"

"நீ போய்க் காப்பியப் பாரு. நான் பாத்துக்கறேன்."

அவர் போனார். டோர்கெல் தொண்டையைச் செருமினார்.

"ராணிய என்ன பண்றது? சும்மா காணாமப் போயிட்டான்னா படிக்கறவன் கேப்பான்ல?"

"வெஷம் வெச்சுருவோம்," என்றார் இங்வே.

"சேச்சே, நம்ம வரலாத்துல வன்முறையா? சிக்ஸ்டன், நீ ஏதோ எழுதிட்டு வந்திருக்கியாமே?"

நான் எழுந்து வாசித்தேன்: 'சபை கூடியிருந்தது. சபையோருக்குத் தேன்மது வார்த்துவர ராணி எழுந்து உள்ளே போனாள். அவள் திரும்புவதற்குள் அரியணை ஏகமனதாக டோர்காருக்கு வழங்கப்பட்டது.'

இங்வே தொடையைத் தட்டினார். "அடேயப்பா! எங்கேர்ந்துப்பா ஒனக்கு இதெல்லாம் தோணுது?"

டோர்கெலுக்கு மட்டும் சந்தேகம். "நம்பற மாதிரியா இருக்கு? ஒரு ராணி, தானே போய் ஊத்திக் கொண்டாருவாளா? அவ்வளவு ஏமாளியா?"

"நல்லவளா இருந்தா போவா," என்றேன்.

அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. சுத்தியலை ஓங்கினார். "கூட்டத்துக்குச் சம்மதமா?"

"எனக்குச் சம்மதமில்லை."

வாசலில் குன்வோர். கையில் காப்பியும் ரொட்டியும் வைத்த தட்டு. கோப்பைகள் கிணுகிணுத்தன.

சுத்தியல் மேசையில் விழுந்தது. "நிறைவேறியாச்சு," என்றார் டோர்கெல்.

"நான் சொன்னப்ப சுத்தியல் மேலே இருந்துது."

"தட்டினப்புறம் சொன்னே, குன்வோர்."

"அந்தரத்துல இருந்துது! பதினோரு பேரும் பாத்தீங்களே. யாராவது சொல்லுங்களேன்."

பதினோரு பேரும் ரொட்டியைப் பார்த்தார்கள்.

"நமக்குள்ள எதுக்கு வாக்குவாதம்? குறிப்பேட்டுல இருக்கும்," என்றார் டோர்கெல். "சிக்ஸ்டன், வாசி."

குறிப்பேட்டில் ஒன்றும் இல்லை. பேனாவின் மூடியைக்கூட நான் இன்னும் திறக்கவில்லை. குன்வோர் வேறு யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்; அங்கே பதிவு செய்யவில்லை. மூடியைத் திறந்தேன், எழுதினேன், வாசித்தேன்.

"தீர்மானம் நிறைவேறியது, 2.18. குன்வோர் அறைக்குள் வந்தது, 2.19."

அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காப்பி சூடாக இருந்தது. எல்லோரும் குடித்தோம்.

புத்தகம் அருமையாக வந்திருக்கிறது. ராணி அரியணை இழக்கும் அந்த ஒரு காட்சியைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள்: என்ன கற்பனை, என்ன கற்பனை! அதில் ஒரு சொல்கூடக் கற்பனை கிடையாது. இந்த ஒன்பது ஆண்டுகளில் நான் சொந்தமாகக் கற்பனை செய்து எழுதியது ஒன்றே ஒன்றுதான்: 2.19.