மாதா கூண்டுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழக்கிழமை.

கிள்ளானில் வாழும் பேரன்புமிக்க மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் இக்னேஷியஸ் பயந்து நடுங்கி எழுதும் மடல். மாதா அருளால் அங்கே அனைவரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நான் சுகமில்லை. போனில் சொன்னால், உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் தங்கை உர்சுலா உங்கள் போனையும் எடுத்துப் படிப்பாள். அதனால் உங்கள் மகன் ஐவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

செபமாலை மாதத்தில் வீடுவீடாகப் போகிற மாதா சுரூபம் இந்த வாரம் நம் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜோஆன் ஆன்டி வீட்டுக்குப் போக வேண்டும். நேற்று ஒட்டடை அடிக்கும்போது கம்பு பட்டு, சுரூபம் இருக்கும் கூண்டின் முன்கண்ணாடி பொலபொலவென்று கொட்டிவிட்டது. மாதாவுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் உயிர் போய்விட்டது. "நான் வர்ற வரைக்கும் எதையும் நோண்டாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தானே உர்சுலா கிளம்பினாள்! கண்ணாடிக்காரர் சனிக்கிழமைதான் வருவாராம். அவளோ நாளைக்கே வருகிறாள். சரி, நாமே செய்வோமென்று செராஸில் பெர்ஸ்பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் கண்ணாடித் தகடு ரெண்டு வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "ரம்பமே வேணாம் அங்கிள். கத்தியால அழுத்திக் கோடு போடுங்க, மேசை ஓரத்துல வச்சு ஒரே அமுக்கு, பட்டுன்னு உடையும். ஈஸி லா" என்றான். ஈஸியாம்! முதல் தகடு கோட்டை விட்டுட்டு அது இஷ்டத்துக்குக் கோணலா ஓடிடுச்சு. அந்தச் சத்தத்துக்கு மேல்மாடி இராஜம்மா, "என்னா அண்ணே, கேஸ் தோங் வெடிச்சிருச்சா?"ன்னு ஓடி வந்துட்டாங்க. ரெண்டாவது ஒழுங்கா உடைஞ்சுது. உப்புத்தாளை நனைச்சு நனைச்சு ஓரத்தையும் வழவழன்னு ஆக்கிட்டேன். ஆனா தகடு வாங்கும்போதே மங்கல். தேய்ச்சா தெளியும்னு பற்பசை போட்டேன், கார் மெழுகு போட்டேன், தேய்க்கத் தேய்க்கக் கீறல்தான் விழுது. மாதா கெந்திங் மலை மூட்டத்துல நிக்கிற மாதிரி இருக்காங்க மச்சான். ஜோஆன் ஆன்டி பாத்தா கோயிலுக்கே தெரிஞ்சிடும். உர்சுலா பாத்தா வீட்டுலயே எனக்குத் தனிப் பூசை.

அதனால சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் அவளை அங்கேயே பிடிச்சு வைங்க. ரயில் ஓடலைன்னு சொல்லுங்க, உங்களுக்குத் தலை சுத்துதுன்னு சொல்லுங்க. மற்றபடி, உங்கள் அப்பா எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்கு மேசையில் ஒரு கீறல்கூட விழவில்லை. விரிப்புப் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் குடும்பத்தின் மேல் மாதாவின் நிழல் தங்கட்டும், அதில் ஓர் ஓரத்தில் எனக்கும் இடம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இக்னேஷியஸ்

பி.கு.: ஐவன் இன்னும் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை, உர்சுலா வாசலில் நிற்கிறாள். ஒரு நாள் முன்னாடியே! கூண்டைப் பாத்துட்டா. தகட்டு மூலையில நகத்தை விட்டு ஒரே இழுப்பு. கடையில ஒட்டிக் குடுத்த மெல்லிசுப் பிளாஸ்டிக் தோல், என் கீறல், பற்பசை, மெழுகு எல்லாத்தோடயும் உரிஞ்சு வந்துடுச்சு. மாதா பளிச்சுன்னு தெரியுறாங்க. "பரவாயில்லையே, அழகாத்தான் செஞ்சிருக்கீங்க"ன்னு சொன்னா மச்சான்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்புறம் மேசையைத் துடைக்கலாம்னு விரிப்பைத் தூக்கிட்டா.

மேசையைப் பத்தி மேல எழுதினதை அடிச்சிடுங்க. அவ தங்கியிருந்த ரூமை எனக்கு வைங்க. ஐவனோட நானும் வரேன்.