குசினிக்கு மூன்று நாள் லீவு

விடுமுறை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தேநீரை யார் போடுவது என்ற கேள்வி வந்துவிட்டது.

வாடகைக்கு எடுத்த வீட்டின் விறாந்தையில், பைகளுக்கு நடுவே, உதயகலா அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தாள். எதிரே ஐம்பது மீற்றர் தூரத்தில் கடல். எழுந்து அதை நோக்கி நாலடி வைத்திருப்பாள். அதற்குள் கணவர் சண்முகநாதன் கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்தபடி வந்து நின்றார்.

"கலா, ஒரு சிக்கல். சமைக்க வாறதெண்ட பிள்ளை பொன்மலரெல்லே, அவளின்ரை மாமியார் செத்துப்போனாவாம்."

"ஐயோ! எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. துடக்கெல்லே? முப்பத்தோராம் நாள் கழியாமல் அவள் வேறை வீட்டு அடுப்படிக்கு வரமாட்டாள்."

உதயகலா கடலைப் பார்த்தாள். பிறகு வீட்டின் பின்புறத்தைப் பார்த்தாள். அங்கே குசினி இருந்தது.

இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் கணவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கோண்டாவிலில் அவர்கள் வீட்டு அடுப்பு விடிய நாலரைக்கு எரியத் தொடங்கும். புட்டோ இடியப்பமோ அவித்து, மத்தியானத்துக்குச் சோறும் மூன்று கறியும் ஆக்கி, கணவருக்கும் மகள் ஆரபிக்கும் தனக்கும் கட்டி வைத்துவிட்டு, எட்டரைக்குச் சங்கக் கந்தோரில் வேலைக்குக் கையெழுத்துப் போடுவாள். பின்னேரம் வந்ததும் அதே அடுப்பு. காய்ச்சலென்றாலும் சரி, கல்யாணவீடென்றாலும் சரி, அடுப்புக்கு லீவில்லை. இருபதாவது வருடத்துக்கு என்ன வேண்டும் என்று சண்முகநாதன் ஒரு நல்ல நேரத்தில் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"மூண்டு நாள் நான் குசினிக்குள்ளை காலடி வைக்கப்படாது. ஆரும் ஆக்கிப் போட, நான் இருந்து தின்ன வேணும்."

"அவ்வளவுதானே?" என்றார் அவர், பெரிய மனதோடு.

அப்படித்தான் வடமராட்சிக் கரையில் தாழம்பிட்டி என்ற இந்தச் சின்ன ஊரும், இலண்டன்காரர் ஒருவரின் பூட்டிக் கிடந்த இந்த வீடும் அமைந்தன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொன்மலரே வந்தவர்களுக்குச் சமைத்தும் கொடுப்பாள் என்றார் சண்முகநாதன். வாடகையைக் கேட்டபோது உதயகலாவால் நம்ப முடியவில்லை, அவ்வளவு மலிவு. விலை குறைத்துக் கேட்பதில் மனிதர் விண்ணர் என்று ஊரில் பெயர். சந்தையில் அவரோடு போக வெட்கப்படுகிற உதயகலா, அன்று முதல் தடவையாக அவரை நினைத்துப் பெருமைப்பட்டாள்.

"இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

"யோசிப்பம். அதுக்கு முதல் நீர் ஒரு தேத்தண்ணி மட்டும் போடுமன்."

"நான் அடுப்படிக்குப் போறேல்லை எண்டு தானே வந்தனாங்கள்?"

"தேத்தண்ணி சமையலுக்குள்ளை வராது."

"அப்பா சொல்லுறது சரி அம்மா," என்றாள் ஆரபி, தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே. பதினாறு வயது. "தேத்தண்ணி குடிவகை."

"நீயும் உன்ரை கொப்பர் மாதிரித்தான் கதைப்பாய்," என்று சொல்லிக்கொண்டே உதயகலா எழுந்தாள்.

காஸ் அடுப்பு கடற்காற்றில் துருப்பிடித்துப்போய் இருந்தது. சிலிண்டர் வெறுமை. பின்னால் இருந்த விறகு அடுப்பில், ஈரத் தென்னம்மட்டையை ஊதி ஊதி, கண்ணெல்லாம் சிவக்க அவள் மூன்று தேநீர் போட்டு முடித்தபோது பதினொரு மணி. சண்முகநாதன் ஒரு வாய் குடித்துவிட்டு, "மத்தியானத்துக்கு எப்பிடி?" என்றார்.

"நெல்லியடியிலை பார்சல் எடுங்கோ."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே கலா? கடைக்காரன் மீன் பொரிச்ச தாச்சியிலைதான் கத்தரிக்காயையும் பொரிப்பான். எனக்குப் பறவாயில்லை. நீர்தான் பாக்கிற ஆள்."

அது உண்மை. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, இருபது வருடமாக ஆட்டாமல் அசைக்காமல் காத்து வந்தவள் உதயகலாவேதான். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு அவள் அரிசி களைந்தாள். ஒரு சோறு மட்டும், ஒரு பருப்பு மட்டும் என்றுதான் தொடங்கியது. பருப்போடு சும்மா தின்னலாமா என்று ஒரு பொரியல் மட்டும். அடுப்பு சூடாகத்தானே கிடக்கிறது என்று ஒரு சொதி மட்டும்.

சனிக்கிழமை காலையில் அவள் உறுதியாக நின்றாள். பாணும் வாழைப்பழமும் போதும் என்றாள். சண்முகநாதன் மறுப்பில்லாமல் சைக்கிள் இரவல் வாங்கிப் போய்ப் பாண் வாங்கி வந்தார். மேசையில் வைத்துவிட்டு, பாணை ஒரு நிமிடம் பரிதாபமாகப் பார்த்தார்.

"பாணுக்கு ஒரு சம்பல் மட்டும் எண்டால்..."

திருவலை குசினி மூலையில் இருந்தது. அதன் பல் மழுங்கிப்போயிருந்தது. தேங்காய் திருவி முடிய உதயகலாவின் தோள்மூட்டு கழன்றுவிடும்போல வலித்தது. சம்பல் நன்றாக இருக்கிறது என்று இருவரும் சொன்னார்கள். அவளுக்குச் சம்பலை எடுத்து அவர்கள் மூஞ்சியில் அப்பலாம் போல இருந்தது.

"கேளுங்கோ," என்றாள். "மத்தியானம் பார்சல்தான். இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. ஒரு சாட்டும் சொல்லக்கூடாது."

"ஓம் ஓம், இந்தா போறன்."

போனவர் நெல்லியடிவரை போகவில்லை. அரை மணித்தியாலத்தில், சைக்கிள் ஹாண்டிலின் இரண்டு பக்கமும் பைகள் தொங்க, முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். ஒரு பையில் விளைமீன், மற்றதில் நண்டும் இறாலும்.

"இப்பத்தான் வலை இழுத்தவங்கள் கலா! துடிக்குது பாரும். இதைக் கண்ட பிறகும் ஆரும் போய் பார்சல் வாங்குவினமே?"

"ஆர் இதைக் கழுவுறது?"

"அதுக்கும் ஆள் பிடிச்சிட்டன். அக்காவுக்குப் போன் எடுத்தனான். நெல்லியடி கிட்டத்தானே? தான் வந்து உதவி செய்யிறனெண்டு சொன்னவ."

அவருடைய அக்கா இரத்தினம்மா உதவிக்கு வந்தாள். வான் வண்டி பிடித்து வந்தாள். கூடவே கணவர், இரண்டு மகன்மார், இரண்டு மருமக்கள், மூன்று பேரப்பிள்ளைகள். இறங்கும்போதே ஒரு பெரிய பானையும், ஒரு பை ஒடியல்மாவும், ஒரு கட்டுப் பிலாவிலையும் இறங்கின.

"கடற்கரைக்கு வந்து கூழ் குடியாமல் போனால் சனம் சிரிக்குமடி கலா," என்றாள் இரத்தினம்மா. "நீ ஒண்டுக்கும் கை வைக்காதை. உனக்கு லீவெண்டு தம்பி சொன்னவன். எல்லாம் நான் பாக்கிறன்."

அவள் பார்த்தாள். பிளாஸ்டிக் கதிரையை அடுப்புக்குப் பக்கத்தில் போடச் சொல்லி, அதில் சாய்ந்திருந்து பார்த்தாள்.

"நண்டை முதல் போடு கலா. இப்ப பயித்தங்காய். எடி, மா கட்டிபடப் போகுது, விடாமல் கிண்டு! உப்புப் பாத்தியே? புளி பத்தாது."

"நீங்கள் கொஞ்சம் கிண்டுங்கோவன் மச்சாள்," என்றாள் உதயகலா.

"எனக்கு முழங்கால் ஏலாதெண்டு உனக்குத் தெரியாதே?"

கூழ் கிண்ட முழங்கால் எதற்கு என்று கேட்க வந்ததை உதயகலா விழுங்கிக்கொண்டாள். மற்றப் பதினொரு பேரும் வட்டமாக மணலில் இருந்து, பிலாவிலையைக் கரண்டி போலக் கோலி, உறைப்பில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார்கள். இன்னும் இருக்கோ, இன்னும் இருக்கோ என்று கேட்டார்கள். கடைசியில் அவளுக்கு மிஞ்சியது பானையின் அடியும் ஒரு நண்டுக் காலும்தான். பிறகு எல்லாரும் கடலில் குளித்தார்கள், படம் பிடித்தார்கள், வெயில் சாய அதே வான் வண்டியில் ஏறிப் போனார்கள். ஆரபி எடுத்த இருபத்தேழு படங்களில் உதயகலா ஒன்றில் இருந்தாள். அதிலும் முதுகுதான் தெரிந்தது.

அன்று பின்னேரம் உதயகலா முதல் தடவையாகக் கடலில் இறங்கினாள். கூழ்ப்பானை கழுவ.

முழங்கால்வரை தண்ணீரில் நின்று, மணலை அள்ளி அடிப்பிடித்ததைத் தேய்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், முகம் தெரியாத பொன்மலர்மேல் கோபப்பட்டாள். இந்த வாரம் பார்த்துத்தானா இவளுடைய மாமியார் போய்ச் சேர வேண்டும்? நினைத்த உடனேயே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. ஒரு மனுசி செத்துக் கிடக்க, தான் சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பதா? எவ்வளவு கேவலமாகப் போய்விட்டோம் என்று நினைத்தாள்.

பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு விறாந்தைக்கு வந்தாள். சண்முகநாதன் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

"நாளைக்கு வெளிக்கிட முதல் அந்தச் செத்தவீட்டை ஒருக்கா எட்டிப் பாத்துட்டுப் போவம்," என்றாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தச் செத்தவீடு?"

"பொன்மலர் வீடு."

"என்னத்துக்கு? எங்களுக்கு அவை ஆர், எவர்?"

"எங்களுக்குச் சமைக்க இருந்த பிள்ளை. செத்தது தெரிஞ்சும் விசாரிக்காமல் போறதே? நாளைக்கு எங்களுக்கு ஒண்டெண்டால் ஆர் படலைக்கு வருவினம்?"

"துடக்கு வீட்டுக்குப் போனால் முழுக வேணும் கலா."

"கடல் முன்னாலைதானே கிடக்கு? அந்தச் சாட்டிலையெண்டாலும் நான் ஒருக்கா முழுகிறன்."

சண்முகநாதன் தலையைச் சொறிந்தார். "எட்டாம் நாள் செலவும் முடிஞ்சிருக்கும்."

"செவ்வாய்க்கிழமை செத்தவவுக்கு இண்டைக்கு அஞ்சு நாள். எட்டு எப்பிடி முடியும்?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு அவள் பக்கம்தான் நின்றது.

"அது... அவை சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எண்டு நினைக்கிறன்."

"வேதக்காரருக்கு எங்காலை துடக்கு?"

ஆரபி பக்கென்று சிரித்தாள். சண்முகநாதன் அவளைப் பார்த்து, "உனக்குப் படிக்கிற புத்தகம் ஒண்டுமில்லையே?" என்று எரிந்து விழுந்தார். உதயகலாவுக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்தாள். செத்தவீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. தேயிலை, சீனி வாங்க வேண்டும். மனிதருக்கு அந்தச் செலவு வலிக்கிறது. இருபது வருடத்தில் எத்தனை செத்தவீடுகளை இந்த மனிதர் இப்படித் தட்டிக் கழித்திருப்பார்! தானாவது போகத்தான் வேண்டும் என்று முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பைகளை அடுக்கும் சாட்டில் அறைக்குள் நிற்க, அவள் தனியாக வெளிக்கிட்டாள். வந்த அன்று சண்முகநாதன் வீட்டுச் சாவி வாங்கிய நடராசாவின் கடையில் தேயிலையும் சீனியும் வாங்கி, பொன்மலர் வீடு எது என்று கேட்டாள்.

"பின் ஒழுங்கை பிள்ளை. மூண்டாவது படலை, நீலக் கதவு."

ஒழுங்கையில் வெள்ளைக் கொடியைக் காணவில்லை. செத்தவீட்டுத் தோரணத்தைக் காணவில்லை. படலையில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. ஆறாம் நாளே சனமில்லாமல் போன செத்தவீடு. பாவங்கள், இல்லாதவர்கள் போலும் என்று அவள் மனம் இளகியது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முகத்தைச் சோகமாக்கிப் படலையைத் திறந்தாள்.

முற்றத்தில் ஒரு கிழவி, கால்களை நீட்டி உட்கார்ந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். துடக்கு வீட்டில் மீனா என்று உதயகலா திகைத்தாள். ஆனாலும் வந்த காரியத்தைச் சொல்லத்தானே வேண்டும்?

"அம்மா, இது பொன்மலர் வீடுதானே? மாமி செத்துப்போனா எண்டு கேள்விப்பட்டனாங்கள்..."

"ஆற்றை மாமி?"

"பொன்மலற்றை மாமி."

கிழவி கத்தியைக் கீழே வைத்தாள். உதயகலாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவளுக்கு நான் ஒருத்திதான் மாமி." பிறகு வீட்டுப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "எடியே பொன்மலர், ஓடி வா! நான் செத்துப்போனனாம், விசாரிக்க ஆள் வந்து நிக்குது!"

ஈரக்கையைத் துடைத்தபடி முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்தாள். கையிலிருந்த சீனிப் பையை எங்கே ஒளிப்பதென்று உதயகலாவுக்குத் தெரியவில்லை.

"குறை நினைக்காதையுங்கோ," என்றாள். "ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம். நான் உந்தக் கடற்கரை வீட்டிலை நிக்கிறன். வெள்ளிக்கிழமை வந்தனாங்கள்."

பொன்மலரின் முகம் மலர்ந்தது. விறுவிறென்று வந்து உதயகலாவின் கையைப் பிடித்தாள். கொதி எண்ணெய் தெறித்த புள்ளிகளும், நண்டு கீறிய கீறலும் இருந்த அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். தொழில் தெரிந்தவளின் பார்வை அது.

"அட, நீங்கள்தானே அது! நேற்றுக் கூழ் மணம் இஞ்சை மட்டும் வந்ததக்கா. பன்னிரண்டு பேருக்காம், கடைக்கார ஐயா சொன்னவர்." குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் நெருங்கி வந்தாள். "போன மாசமே வீடு எடுத்த ஐயா போன் எடுத்து, 'சமையல் காசைக் கழிச்சுப்போட்டு வீட்டை மட்டும் தா, எங்கடை வீட்டிலை இருவது வருசமாச் சமைக்கிற ஆள் கையோடை வருது' எண்டு சொல்லிப்போட்டார், கோவிக்காதையுங்கோ அக்கா, சும்மா கேக்கிறன், அந்த மனிசன் உங்களுக்கு நாளுக்கு என்ன தாறவர்?"