பாட்டுக்காரம்மாவை அழவைத்த வண்டி

“...அந்தக் காரெல்லாம் வேண்டாம்ப்பா. சாயந்திரம் என்னை அழவெச்சுக் கூட்டிட்டு வந்துச்சே ஒரு வண்டி, அது எங்க? அந்த அப்பாவும் பொண்ணும் எங்க?”

மேடைக்குப் பின்னால் பாட்டுக்காரம்மா இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த அப்பாவும் பொண்ணும் கொஞ்சம் தள்ளி, சோடாப் பெட்டிகளுக்கும் வாடகை நாற்காலி அடுக்குக்கும் நடுவே குத்தவைத்து ஒளிந்திருந்தோம். (ஒளிந்திருந்தோம் என்பதே மரியாதைக்குச் சொல்வது. அத்தாவின் வயிறு முழுக்க வெளியே தெரிந்தது.) “மூச்சு விடாதே மோளே” என்றார் அத்தா. விடவில்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. மூச்சை மட்டுமல்ல, முடிந்தால் ஊரையே விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

‘பழகின மூக்கு பாதி மூக்கு’ என்று என் அம்மா அடிக்கடி சொல்வாள். மீன்காரருக்கு மீன் வாடை தெரியாது, அத்தர் கடைக்காரருக்கு அத்தர் மணக்காது. எங்களுக்கு மிளகாய். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். முன்னால் கடை, பின்னால் கோடவுன், மாடியில் நாங்கள். புதிதாக வருகிற ஆள் வாசற்படியில் கால் வைத்ததுமே தும்முவார். அதை சலாம் சொன்னதாக ஏற்றுக்கொண்டு அத்தா “வாங்க, வாங்க” என்று எழுந்திருப்பார். நாங்களோ மிளகாய் மூட்டைமேல் படுத்து மத்தியானத் தூக்கம் போடுகிற பிள்ளைகள். எங்கள் மூக்கு முகத்துக்கு அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தாவுக்கு இந்த உலகத்தில் மூன்று பேர் முக்கியம். அல்லா, அம்மா, பாட்டுக்காரம்மா. (அந்த வரிசையில்தான் என்று அம்மாவிடம் மட்டும் சத்தியம் செய்வார்.) பெரிய பாடகி. தமிழிலும் மலையாளத்திலும் அவர் பாடாத கல்யாண வீடு கிடையாது, ரேடியோ வழியாக. பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் யாருமே பெயர் சொன்னதில்லை, பாட்டுக்காரம்மா என்றால் அவர் ஒருவர்தான். விடியற்காலைத் தொழுகை முடிந்து அத்தா கையில் சாயா கிளாஸோடு உட்கார்ந்தால், கேசட் சுழல ஆரம்பிக்கும். பக்கத்து அறையில் நான் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வேன்.

“அத்தா, இந்த அம்மா ஒரு வார்த்தையை இழுத்து முடிக்கறதுக்குள்ள பள்ளுருத்தி பஸ் போயிட்டுத் திரும்பி வந்துரும்.”

“பஸ்ஸுக்கு அவசரப்படறவளுக்கு என்னத்துக்கு மோளே பாட்டு? நீ ஹாரன் கேளு, போதும்.”

இப்படித்தான் எங்கள் சங்கீத உறவு.

எங்கள் பக்கத்து ரசிகர் சங்கம் பாட்டுக்காரம்மாவை அழைத்துவர வருஷக்கணக்காக முயன்றுகொண்டிருந்தது. சங்கத்துக் காரியதரிசி ஜோசப்பேட்டன், ‘ஆன கொடுத்தாலும் ஆச கொடுக்கருது’ (ஆனையையே கொடுத்தாலும் ஆசை கொடுக்கக் கூடாது) என்கிற மலையாளத்துப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே எல்லோருக்கும் ஆசை கொடுத்துவந்தவர். கடைசியில் அந்த அம்மா வர ஒப்புக்கொண்டுவிட்டார். முன்பு ஒரு தடவை அவர் இந்த ஊரில் பாடியபோது அத்தாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. உள்ளே போகக் கையில் டிக்கெட் இல்லாமல், பக்கத்து மதில்மேல் நின்று கேட்டாராம். இந்தத் தடவை அவர் கமிட்டி மெம்பர். பொறுப்பு: மாலை. மாலையை வாங்கி, வாடாமல் கொண்டுவந்து சேர்ப்பது.

வெறும் மாலைக்காக அத்தா செய்த அமர்க்களத்தை எங்கள் தெருவே பார்த்தது. மிளகாய் மூட்டை ஏற்றுகிற எங்கள் ஆம்னி வேனை சோப்புப் போட்டுக் கழுவினார். கழற்றிவைத்திருந்த சீட்டுகளைத் திரும்ப மாட்டி வெள்ளை விரிப்பு விரித்தார். அத்தர் தெளித்தார். “மாலை போறதுக்கு இத்தனை பவுசா? என்னைக் கட்டிக் கூட்டிட்டு வந்தப்ப மாட்டு வண்டி” என்றாள் அம்மா. பெருநாளுக்கு எடுத்த உடுப்பைப் போடச் சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டார். மாலை மடியில் நசுங்காமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம்.

எர்ணாகுளத்து ஓட்டலிலிருந்து வாடகைக் காரில் பாட்டுக்காரம்மா. பின்னால் மாலையோடு நாங்கள். பக்கவாத்தியக்காரர்கள் முன்பே போய்விட்டார்கள். தோப்பும்படிப் பாலத்தை நெருங்கும்போது முன்னால் போன காரின் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்து, டிக்கியைத் திறந்து பார்த்து, தலையில் கை வைத்தார். மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. அடுத்து நடந்ததை அத்தா சாகும்வரை ‘அல்லா, நம்ம றப்பே போட்ட முடிச்சு’ என்றுதான் சொன்னார். பாட்டுக்காரம்மா காரிலிருந்து இறங்கி, எங்கள் வேனைப் பார்த்து, “இதுல போயிடலாமே, நேரமாச்சு” என்றார்.

முன் சீட்டில் அவர். பின்னால் நான், மாலை. அத்தாவின் கால் நடுங்கியதில் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி குதித்துக் குதித்துக் கிளம்பியது. நாள் முழுக்க மனப்பாடம் செய்த வரவேற்புரை அவர் வாயில் இல்லை. “அம்மா... இது... நம்ம கடை வண்டி” என்றார். அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல், “வத்தல் யாவாரம்” என்றார்.

வெயில் முகத்தில் அடித்தது. பாட்டுக்காரம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அந்த வேன் கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கியது, அதில் ஏசி உண்டு. ‘அல்லா குடுத்த காத்து இருக்கு, பின்னே எதுக்கு பெட்ரோலைக் குடுக்கணும்’ என்று அத்தா அதை ஒருநாளும் போட்டதில்லை. இவ்வளவு பெரிய மனுஷிக்கு முன்னால் நாம் ஏசி இல்லாத குடும்பமாகிவிடக் கூடாதே! கண்ணாடிகளைச் சாத்தச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து எட்டி ஏசிக் குமிழைத் திருகினேன்.

உள்ளே ஏதோ செருமியது. பிறகு, வருஷக்கணக்காக மிளகாய் மூட்டை சுமந்த அந்த வண்டி, தன் குழாய்களுக்குள் சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் செம்மண் நிறத்தில் ஒரே மூச்சாக முன் சீட்டின்மேல் விட்டது.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தியமாக. லேசாகத் தூசி, அவ்வளவுதான்.

பாட்டுக்காரம்மா தும்மினார். முதல் தும்மல் சுருதி சுத்தமாகத்தான் இருந்தது. “அல்லா சொகம் தரட்டும்” என்றார் அத்தா பயபக்தியோடு. அடுத்த தும்மல். “அல்லா சொகம் தரட்டும்.” அதற்கப்புறம் தும்மல் துரித காலத்துக்குப் போய்விட்டது, அத்தாவின் துஆ பின்தங்கிவிட்டது.

“வெளிய ஒரே பொடிம்மா, ரோட்டு வேலை நடக்குது” என்றார் அத்தா வருத்தத்தோடு. “மோளே, அந்தப் பக்கக் கண்ணாடியையும் இறுக்கிச் சாத்து. ஏசியைக் கூட்டு.”

கூட்டினேன். (என் வாழ்க்கையிலேயே அத்தா சொன்னதும் எதிர்ப்பேச்சில்லாமல் செய்த ஒரே வேலை.)

அத்தாவுக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. மதில் கதையை ஆரம்பித்தார். “மதில்மேல நின்னு கேட்டதும்மா நான். மழை கொட்டுது. எல்லாரும் எறங்கி ஓடிட்டாங்க. நான் எறங்கலை. நீங்க பாட்டை நிறுத்தினாத்தானே நான் எறங்க?” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாட்டுக்காரம்மாவின் இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

“அய்யோ, அழாதீங்கம்மா” என்றார் அத்தா. “நனைஞ்சது நான்தானே?”

பாட்டுக்காரம்மா பேச முடியாமல் கண்ணாடியைக் காட்டிக் கையை ஆட்டினார். திற என்கிறார். போதும், இதற்குமேல் என் மனசு தாங்காது என்கிறார் என்று அத்தா எடுத்துக்கொண்டார். அவரும் அழ ஆரம்பித்தார். பின்னால் நானும். என் தகப்பனின் ஒரு மதில் கதைக்கு இவ்வளவு பெரிய குரல் கரைந்துபோகிறதே, இந்த மனுஷனை நாம் ஒரு நாளாவது மதித்தோமா என்ற நினைப்பில். அப்படியாக மூன்று பேரும் அழுதுகொண்டே மட்டாஞ்சேரி மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். மூவரில் ஒருவர்தான் சரியான காரணத்துக்கு அழுதவர்.

ஜோசப்பேட்டன் ஓடிவந்து கதவைத் திறந்தார். குனிந்து கும்பிடப் போனவர் அப்படியே தும்மினார். இன்னொன்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்.

“எந்தா இக்கா இது... வத்தலா?”

அத்தா என்னைப் பார்த்தார். நான் ஏசியின் வாயைப் பார்த்தேன். அதன் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு.

மேடைக்குப் பின்னால் பாட்டுக்காரம்மா முகம் கழுவினார், கொப்பளித்தார், வெந்நீர் குடித்தார். மெல்ல ஒரு ‘ஸா’ பிடித்துப் பார்த்தார். சாக்கு கிழிகிற சத்தம் வந்தது. வெளியே மைதானம் கை தட்டிக் கூப்பிட்டது. மூன்றாவது வரிசையில் என் ட்யூஷன் தோழிகள். ஜோசப்பேட்டன் வெளிறிப்போய், “புரோகிராம் இல்லைன்னு சொல்லணும். ஜனம் கசேரை எடுத்து எறியும் இக்கா” என்றார், நாற்காலி வரிசைகளைப் பார்த்துக்கொண்டே.

“எறியட்டும். நானே சொல்றேன்” என்றார் அத்தா. “அவங்களுக்கு மேலுக்குச் சொகமில்லைன்னு பொய் சொல்ல வேண்டாம். பாட முடியாமப் பண்ணினது நான். நாளைக்கு நான் பஜாருல நடக்கணும்.”

என் தகப்பனார் முதல்முறையாக மைக் முன்னால் நின்றார். பாதித் தமிழ், பாதி மலையாளம். டயர், வேன், ஏசி, மிளகாய், ஒன்றையும் விடவில்லை. ‘ஏசி போட்டது என்ட மோள்’ என்பதையும் விடவில்லை. கூட்டம் அமைதியானது. அந்த அமைதியில் யாரோ ஒருவன் வேண்டுமென்றே, நீட்டி முழக்கி, ஒரு தும்மல் போட்டான். அவ்வளவுதான். மைதானம் மொத்தமும் தும்மியது. விசில். சிரிப்பு. “எந்நால் இக்கா பாடு!” என்று ஒரு குரல், அப்படின்னா நீங்களே பாடுங்க அண்ணே என்று. “இக்கா பாடு! இக்கா பாடு!”

பாடாமல் இறங்க வழியில்லை. அத்தா கண்ணை மூடிக்கொண்டார், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டார், பாட்டுக்காரம்மாவின் பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். தினம் விடியற்காலை எங்கள் வீட்டில் ஓடுகிற அதே பாட்டு. லாரி ரிவர்ஸ் எடுக்கிற சுருதி. முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி வரவில்லை. உதடு அசைகிறது, சொல் இல்லை. கூட்டத்தில் கேலி மறுபடி கிளம்பியது. அத்தா கண்ணைத் திறந்து மேடையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே நான்.

எனக்குப் பிடிக்காத பாட்டு. ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரிந்திருந்தது. தலையணை என்ன தலையணை! இரண்டாவது அடியை எடுத்துக் கொடுத்தேன். ஜோசப்பேட்டன் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார், மேடைக்கே போய் விழுந்தேன். அப்புறம் இருவரும் சேர்ந்து பாடினோம். சேர்ந்து என்றால், அவர் மட்டாஞ்சேரியில், நான் கடலுக்கு அந்தப் பக்கம் வைப்பினில். அந்தப் பாட்டில் சரணத்துக்கு முன் ஒரு பெரிய ஏற்றம் உண்டு. அத்தா அதை நோக்கி ஓடினார், தாவினார், விழுந்தார்.

அவர் விழுந்த இடத்தில் இன்னொரு குரல் எழுந்தது. கரகரப்பாக, மணல் கலந்தாற்போல, ஆனால் நேராக மேலே ஏறி, அந்தச் சொல்லைத் தாங்கி நின்றது. திரும்பிப் பார்த்தோம். ஒரு கையில் துண்டு, மறு கையில் மைக், மூக்கு தக்காளியாகச் சிவந்து பாட்டுக்காரம்மா.

“என்னைக் கொன்னீங்க, சரி. பாட்டையாவது விட்டுடுங்க பாய்” என்றார் மைக்கிலேயே.

அன்று அவர் பாடியது அந்தக் கிழிந்த குரலில்தான். நடுநடுவே தும்மல் வந்தது. தபலாக்காரர் கெட்டிக்காரர், ஒவ்வொரு தும்மலையும் சமத்தில் வாங்கித் தாளத்தோடு சேர்த்துக்கொண்டார். ஒருவரும் எழுந்து போகவில்லை. ‘அந்தத் தொண்டையில கேட்ட மாதிரி பின்னே கேட்டதில்லை’ என்று இன்றைக்கும் பஜாரில் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதற்குப்பின் காதைப் பொத்தவில்லை. (காலையில் எழுந்திருக்கவும் இல்லை. அது வேறு விஷயம்.)

ஆனால் எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து யாரும் நிம்மதியாக அழ முடிந்ததில்லை. யார் கண்ணிலாவது தண்ணீரைப் பார்த்தால் முதல் கேள்வி, “சங்கடமா, ஏசியா?” பரீட்சையில் நான் கோட்டைவிட்டு வந்தபோது கேட்டார்கள். நிக்காஹ் முடிந்து நான் கிளம்பும்போது அத்தா துண்டால் முகத்தை மூட, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அம்மா கேட்டாள். “ஏசிதாண்டி, ஏசிதான்” என்றார் அவர் துண்டுக்குள்ளிருந்து. அத்தா மௌத்தான அன்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா தானாகவே, யாரும் கேட்காமல், “ஏசி” என்றாள்.

அந்தக் கச்சேரி ராத்திரி, பாட்டு முடிந்து, சோடாப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஜோசப்பேட்டன் எங்களைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். கமிட்டி கொண்டுவந்த கார்கள் வரிசையாக நின்றன. “அம்மா, மாப்புத் தாங்க. அந்த வண்டி வேண்டாம்மா, நல்ல கார் இருக்கு” என்று அத்தா கெஞ்சினார். பாட்டுக்காரம்மா கார்களைத் தாண்டி எங்கள் வேன்வரைக்கும் நடந்தார். பட்டு முந்தானையை எடுத்து, எங்கள் கோடவுனில் மூட்டை தூக்குகிறவர்களைப்போல மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்கழுத்தில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.