உறுமிய பெட்டியும் உறங்கிய சிங்கமும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் அரசாண்டது. அதற்கு வயதாகிவிட்டது. இதை அதனிடம் யாரும் சொன்னதில்லை. நினைத்தவர்களும் தூரத்தில் நின்றுதான் நினைத்தார்கள்.

காட்டில் இருந்தது ஒரே ஓடை. யார் எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்று முறை வைத்துச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவாயிற்று. கடைக்காரக் கரடி முதலில் பெரிய பெட்டியைக் காட்டியது. உள்ளே காற்று தாராளமாகப் புழங்கும், எத்தனை வேலை கொடுத்தாலும் சூடாகாது என்றது. சிங்கம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது. பெட்டி உயரமாகத் தெரிந்தது.

“சின்னதா இல்லையா?” என்றது சிங்கம்.

இருந்தது. ரொட்டி டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. பெரிய பெட்டியில் இருந்த அத்தனையையும் அதற்குள் திணித்திருந்தார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சிங்கம் அதில் தன் பிடரியைப் பார்த்துக்கொண்டது. வியாபாரம் முடிந்தது.

பெட்டியைக் குகையில் அரியணைக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி வைத்தார்கள். அதை இயக்கும் வேலை கஸ்தூரி என்ற கீரிக்குக் கிடைத்தது. கஸ்தூரியின் வளை குகைக்கு அருகிலேயே இருந்தது. வளையில் கண் திறக்காத குட்டிகள் இருந்தன. இடைவேளையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம்.

மார்கழி பிறந்தது. வெளியே பனி கொட்டியது. உள்ளே பெட்டி சூடேறி, நடு வேலையில் அணைந்து போனது. அணைந்தால் திரையில் முறை தெரியாது. முறை தெரியாவிட்டால் மான்கள் தண்ணீரைப் பார்த்தபடி கரையில் நிற்கும். சட்டம் அப்படி.

மேலாளர் நரி வந்தது.

“என்ன பண்ணினே, கஸ்தூரி?”

“ஒண்ணும் பண்ணலை சார்.”

“ஒண்ணும் பண்ணாம இருந்தா அது எப்படி ஓடும்?”

 நரி குரலைத் தாழ்த்தியது. “பொங்கல் கழிஞ்சதும் மகாராஜா பக்கத்துக் காட்டுப் புலியோட திரையில பேசப் போறார். ஓடை எல்லை விவகாரம். அன்னைக்கு இது அணைஞ்சா உனக்கு முதலைத் துறைக்கு மாற்றல். ஆணையில முத்திரை வெச்சாச்சு. பேர்தான் எழுதணும்.”

முதலைத் துறைக்கு மாற்றலாகிப் போன யாரும் அந்த இடத்தைப் பற்றிக் குறை சொன்னதில்லை. திரும்பி வந்தால்தானே சொல்ல.

கஸ்தூரி மரங்கொத்தியைக் கூட்டிவந்தது. அதன் பெயர் கதிர்வேலு. எதைக் காட்டினாலும் ஓட்டை போடச் சொல்வது கதிர்வேலுவின் வழக்கம். பானை ஒழுகுகிறது என்றாலும் அதையே சொல்லும். இந்த முறை அது பொருத்தமாக அமைந்துவிட்டது.

மூடியைக் கழற்றியதும் அனல் முகத்தில் அடித்தது.

“முன்னாடி ஒரு ஃபேன், பின்னாடி ஒரு ஃபேன். ரெண்டும் உள்ளே பார்த்தே ஊதுது, கஸ்தூரிம்மா. சூடு எந்த வழியா வெளியே போகும்?”

“ரெண்டு ஃபேன் இருக்கு, கவலையே வேணாம்னாரே கடைக்காரர்.”

“ரெண்டு வாசல்லயும் வாங்க வாங்கன்னு ஆள் நின்னா, வந்த விருந்தாளி எப்படிக் கிளம்புவான்? இதுல முன்னாடி ஃபேன் மூக்குல கண்ணாடியை வேற ஒட்டி வெச்சிருக்கான்.”

கதிர்வேலு பின்விசிறியைத் திருப்பி மாட்டியது. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கம்பிவலை போட்டது. பெட்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, விசிறிகளை வேகமாக விட்டது. காற்று முன்னால் நுழைந்து, சூட்டை வாரிக்கொண்டு பின்னால் சுவரில் போய் மோதியது. பெட்டி அணையவில்லை. மான்கள் முறைப்படி குடித்தன. கதிர்வேலு தன் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, இதைப் பற்றிக் காடு முழுக்கப் பேசியது.

சாயங்காலம் சிங்கம் கேட்டது. “யார் உறுமறது?”

குகை அமைதியானது, பெட்டியைத் தவிர.

“ஃபேன் சத்தம், மகாராஜா,” என்றது நரி.

“இந்தக் குகையில ஒருத்தர்தான் உறுமலாம். என் கண்ணாடி எங்கே?”

விசிறிகளின் வேகம் குறைந்தது. கண்ணாடி திரும்பி வந்தது. சூடும் திரும்பி வந்தது.

“சின்னப் பெட்டின்னா ஒண்ணு சத்தம் இருக்கும், இல்லைன்னா சூடு இருக்கும் சார்,” என்றது கதிர்வேலு. “ரெண்டுல ஒண்ணை யாராவது தாங்கித்தான் ஆகணும்.”

“மேலிடம் தாங்காது,” என்றது நரி. “நீ போகலாம்.”

நரிக்கு வேறு நிபுணர் தெரியும். குகைச் சுவரிலேயே குடியிருந்த பல்லி அது. காட்டில் சகுனமும் வாஸ்துவும் அதன் பொறுப்பு. பல்லி பெட்டியைத் தலைகீழாகத் தொங்கியபடி பார்த்தது.

“பெட்டி என்ன நிறம்?”

“கருப்புங்க,” என்றது கஸ்தூரி.

“உள்ளே என்ன ஓடுது?”

“காத்துங்க.”

“காத்து. கருப்பு.” பல்லி கண்ணை மூடிக்கொண்டது. “இதுக்கு மேல என் வாயால வேற சொல்லணுமா?”

நரிக்கு வால்மயிர் சிலிர்த்தது. பரிகாரம் கேட்டது.

“பெட்டியோட முகம் வாயு மூலையைப் பார்க்கணும். முதுகு அக்னி மூலையைப் பார்க்கணும். காத்து அதோட மூலையில வரும், சூடு அதோட மூலைக்குப் போயிடும்.”

“அக்னி மூலையில மகாராஜா உட்கார்ந்திருக்காரே,” என்றது கஸ்தூரி.

“அரியணையை நகர்த்திடலாம்.”

“நீங்களே போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?” என்றது நரி.

பல்லி தன் வாலை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. “அரியணை இருக்கட்டும்,” என்றது.

பெட்டியை மட்டும் திருப்பி வைத்தார்கள்.

பேச்சு நாள் வந்தது. கஸ்தூரி விடியும்போதே குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தது. அப்போதே சுட்டது. திரையில் புலி தோன்றியது. பெட்டியின் பின்விசிறி மெல்லச் சுழன்று, சிங்கத்தின் முழங்காலில் வெதுவெதுவென்று ஊதியது.

சிங்கத்துக்குக் குளிர்காலத்தில் முழங்கால் வலிக்கும். அது ராஜ ரகசியம். ரகசியம் என்பதால் வைத்தியமும் கிடையாது. பல வருடங்களுக்குப் பிறகு இன்றுதான் அந்த மூட்டுகளில் சூடு இறங்கியது. சிங்கத்தின் கண்கள் செருகின.

“ஓடையோட அக்கரை இனிமே எங்களுக்கு,” என்றது புலி. “சம்மதமா?”

சிங்கத்தின் தலை மார்பில் சாய்ந்தது.

“பெரிய மனசு,” என்றது புலி. அதற்கு மேல் அது என்ன சொன்னதென்று தெரியாது. பெட்டி அணைந்துவிட்டது.

திரை இருண்டது. நரி ஆணையை எடுத்தது, பேனாவைத் திறந்தது. பெயர் எழுதும் இடத்தில் ‘க’ என்று எழுதியது. கஸ்தூரி வளை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

சிங்கம் விழித்துக்கொண்டது. “எதுக்கு நிறுத்தினீங்க?”

“பேச்சு முடிஞ்சுது மகாராஜா. வெற்றி,” என்றது நரி.

“பேச்சை யார் கேட்டா? இந்தக் கதகதப்பை எதுக்கு நிறுத்தினீங்க? இது நிக்காம வருமா, வராதா?”

நரியின் பேனா காகிதத்திலேயே நின்றது. கஸ்தூரி முன்னால் வந்தது.

“வரும் மகாராஜா. கண்ணாடியை எடுத்துட்டு வலை போடணும். ஃபேனை வேகமா விடணும். கொஞ்சம் உறுமும்.”

“உறுமட்டும். நான் தூங்கும்போது எனக்குப் பதிலா யாராவது உறுமணுமே.” சிங்கம் காலை நீட்டிக்கொண்டது. “நல்ல ஏற்பாடு. யாரோட யோசனை?”

குகை வாசல் கிளையில் கதிர்வேலு கொண்டையைச் சிலிர்த்தபடி காத்திருந்தது. கஸ்தூரி அதைப் பார்த்தது. நரியின் கையிலிருந்த பேனாவையும் பார்த்தது.

“நரி சாரும் பல்லி ஐயாவும் சேர்ந்து செஞ்சது, மகாராஜா.”

நரி இருமியது. பல்லி சுவரில் ‘ச்சு ச்சு’ என்று ஆமோதித்தது.

முத்திரை வைத்த ஆணையை வீணாக்கும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை. மகாராஜாவின் பெட்டியைக் குளிரவைக்க முயன்ற குற்றத்துக்காகக் கதிர்வேலு முதலைத் துறைக்கு மாற்றப்பட்டது. எழுதியிருந்த ‘க’வும் வீணாகவில்லை. அங்கே எல்லோரும் எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருப்பதால் காற்றோட்டத்துக்குக் குறைவிருக்காது என்று நரி வழியனுப்பும்போது சொன்னது.

தண்ணீர் முறை சொல்வது லேசான வேலை. அதில் பெட்டி போதிய அளவு சூடாகவில்லை. எனவே காட்டிலுள்ள இலைகளை எண்ணும் வேலையை அதற்குக் கொடுத்தார்கள். எண்ணி முடித்ததும் கஸ்தூரி மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்லும். திரையில் முறை வருவது நின்றுபோனதை யாரும் கவனிக்காததால், மான்கள் தாகம் எடுத்தபோது இக்கரையில் குடித்தன. அக்கரையில் புலி இருந்தது.

கஸ்தூரியின் குட்டிகள் கண் திறந்தன. கஸ்தூரிக்குக் கதகதப்பு அலுவலர் என்று பதவி உயர்வு கிடைத்தது.

சித்திரையில் வெயில் ஏறும்போது சிங்கத்துக்கு அதே காற்று எப்படி இருக்கும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நரி மட்டும் புதிதாக ஓர் ஆணைக்கு முத்திரை வைத்திருக்கிறது. பெயர்தான் எழுதணும்.

நீதி: பெட்டி சூடாவது குறையல்ல. அதில் குளிர்காய்கிறவர் பெரிய இடமாக இருந்தால் போதும்.